நிழலுக்குத் துக்கம் சொன்னவர்

மரத்தை வெட்டி, கிளை கழித்து, துண்டு போட்டு, லாரியில் ஏற்றி, லாரியும் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போன பிறகு, வெட்டிய ஆட்கள் சவரிராயன் வீட்டுக் குழாயடியில் கைகால் கழுவிவிட்டு, தூக்குவாளிகளைத் திறந்து, வெயிலுக்கு ஒதுங்கி மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிச் சோற்றில் ஒருவன் அண்ணாந்து பார்த்தான். மேலே ஒன்றுமில்லை, வானம்தான் இருந்தது.

"அண்ணே, மரத்தை வெட்டிட்டோம்ல?"

"வெட்டாமலா தோள்பட்டை இப்படி வலிக்குது?"

"அப்ப நாம எதுல உக்காந்திருக்கோம்?"

மூத்தவன் மண்ணைப் பார்த்தான். இலை நிழல்கள் அசைந்துகொண்டிருந்தன. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட உலக்கை மாதிரி நாலைந்து காய்களின் நிழல் அவன் தட்டைத் தாண்டிப் போய்ப் போய் வந்தது. "மரத்தை எடுக்கத்தான் பேசியிருக்கு. நிழலைச் சேர்த்துப் பேசல. ரசத்தை ஊத்து" என்றான். அவர்கள் சாப்பிட்டு முடித்து, துண்டை விரித்து ஒரு தூக்கம் போட்டு, எழுந்து போனார்கள். நிழல் போகவில்லை.

அப்படித்தான் அது ஆரம்பித்தது என்று கார்டுத் தோட்டத்தில் சொல்வார்கள்.

கார்டுத் தோட்டம் திருச்சிக்கு வெளியே, தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. முன்காலத்தில் ரயிலில் கார்டு வேலை பார்த்த சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், ஓட்டு வீடு கட்டி, வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டுக் குடியிருந்த இடம். கப்பலேறிப் போன அண்ணன் தம்பிகள், துறைமுகத்தில் இருந்த மாமன் மச்சான்கள் என்று யார் யாரோ அனுப்பிய விதையும் பதியனுமாக ஒவ்வொரு வீட்டிலும் இந்த மண் பார்த்திராத ஒரு மரம் வளர்ந்தது. தபால்காரருக்குக் கதவு எண் தேவைப்படவில்லை. ஊதாப்பூ வீடு, கறிப்பலா வீடு, வெள்ளிமரத்து வீடு என்றால் போதும். பிறகு சட்டைக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், மரங்களை எடுத்துக்கொண்டு போக முடியாததால் விட்டுவிட்டுப் போனார்கள், வீடுகளை வாங்கியவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஊதாப்பூ மரத்தை எடுத்தார்கள், மாடி கட்டுவதற்காகக் கறிப்பலாவை எடுத்தார்கள், இலை குப்பை விழுகிறதென்று வெள்ளிமரத்தை எடுத்தார்கள். மிஞ்சியது சவரிராயன் வீட்டு மரம் ஒன்றுதான்.

அதற்குப் பேர் கிடையாது. ஆப்பிரிக்காவில் ரயில் வேலைக்குப் போன அண்ணனின் கோட்டுப் பையில் கிடந்த விதையை அந்த வீட்டுத் துரைசாணி சும்மா மண்ணில் போட்டாளாம். அவள் சாகிறவரை அதை "தட் ட்ரீ" என்றாள். அவளிடம் சமையல் வேலை பார்த்து, கடைசியில் அந்த வீட்டுக்கே உரிமைக்காரரான, சவரிராயன் மனைவி கித்தேரியின் அப்பா, அதைச் "சீமை மரம்" என்றார். ஊரும் அப்படியே சொன்னது. மூன்று ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத அடிமரம். பொழுது சாயும்போது விரிந்து, நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்குகிற, ஆட்டு ஈரல் நிறத்துப் பூ. அதைக் குடிக்க வருகிற வௌவால் கூட்டம். பிறகு சாம்பல் நிறத்தில் காய். காய் விழுந்தால் ஓடு உடையும், ஸ்கூட்டர் நசுங்கும். ஆனாலும் யாரும் அந்த மரத்தைத் திட்டியதில்லை. "சீமைக்காரன் கை வச்சுட்டான்" என்று சிரித்துவிட்டு ஓட்டை மாற்றிக்கொள்வார்கள்.

சவரிராயன் கித்தேரியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவர். லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மணி அடித்தால் கேட்டை அடைப்பார், மறுபடி அடித்தால் திறப்பார். நடுவில் மந்திரியே வந்து ஆரன் அடித்தாலும் திறக்க மாட்டார். அவருக்கு உத்தரவு என்பது மழை மாதிரி. எங்கிருந்து வருகிறதென்று யாரும் கேட்பதில்லை, வந்தால் நனைய வேண்டியதுதான்.

அந்த ஆவணி மாதம், கித்தேரி மாதா கோயில் பெண்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்த நேரத்தில், தெருவில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. ஆட்டோ சவரிராயன் வீட்டுக்கு நேராக வந்த சமயத்தில்தான் சரக்கு ரயிலும் வந்தது. "பொதுமக்கள் தங்கள் இடத்தில் உள்ள சீமை" என்றது மைக். தடதடவென்று பெட்டிகள் ஓடின. "மரங்களை இந்த மாத முடிவுக்குள் வேரோடு அகற்ற வேண்டும், தவறினால்" என்றது மைக். மறுபடி பெட்டிகள் ஓடின. ஆட்டோ போய்விட்டது.

சவரிராயன் தெருமுனை டீக்கடை பக்கிரிசாமியிடம் போய்க் கேட்டார்.

"ஏம்ப்பா, சீமை மரத்தை எடுக்கணும்னு சொன்னானே, கேட்டியா?"

"கேட்டேண்ணே. சர்க்கார் உத்தரவாம். பூமித் தண்ணிய எல்லாம் உறிஞ்சிடுதாம்."

"எல்லாரும் எடுக்கணுமா?"

"எல்லாரும்தான். யார்கிட்ட இருக்கு, உங்க வீட்டுல ஒண்ணுதானே இருக்கு?"

அரசாங்கம் சொன்னது சீமைக் கருவேலத்தை. ஆனால் தண்டவாளத்து ஓரமெல்லாம் முள்ளும் புதருமாக மண்டிக் கிடந்த அந்த மரத்துக்குக் கார்டுத் தோட்டத்தில் வேலிக்காத்தான் என்று பேர். பிறந்தது முதல் வேலிக்காத்தான் முள் குத்தி வளர்ந்தவர்கள் அவர்கள். சீமை மரம் என்று அவர்கள் வாழ்நாளில் சொன்னது ஒரே ஒரு மரத்தை. ஆகவே சவரிராயன் கேட்ட ஆட்களெல்லாம், யோசித்து, தலையை ஆட்டி, அது உங்கள் மரம்தான் என்றார்கள்.

அவர் ஓர் இரவு தூங்கவில்லை. காலையில் ஆள் கூப்பிட்டார்.

கித்தேரி திரும்பி வந்தபோது பாதம் வெடித்திருந்தது, கையில் மாதா கோயில் எண்ணெயும் பொரியும் இருந்தன. வாசற்படலைத் திறந்தவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். பொரியைக் கீழே வைத்துவிட்டு, நிழலுக்குள் நடந்து, அடிமரம் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே வேர் இரண்டாகப் பிரிந்து மடி மாதிரிக் குழிந்திருக்கும். வேரைக் கூட எடுத்துவிட்டார்கள். குழியைச் சவரிராயன் அவர்களைத் தொடவிடவில்லை.

அந்தக் குழியில் அவர்களுடைய குழந்தை இருந்தது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டான ஒரே குழந்தை. பிறந்து அழுது, விடிவதற்குள் போய்விட்டது. தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்க நேரமில்லை. ஞானஸ்நானம் வாங்காததற்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை சொல்லிவிட்டார். கித்தேரியின் அப்பாதான் மரத்தடியில் வைத்தார். "பேர் இல்லாத பிள்ளைய பேர் இல்லாத மரம் பாத்துக்கும்" என்றார்.

"யாரு வெட்டச் சொன்னா?" என்றாள் கித்தேரி.

"சர்க்கார் உத்தரவு."

"என்ன பேர் சொல்லி?"

"சீமை மரம்னு."

மறுநாள் பக்கிரிசாமி டீ ஆற்றிக்கொண்டே சிரித்தான்: "அண்ணே, தண்டவாளத்துல மிஷின் வச்சு வேலிக்காத்தானைப் பிடுங்குறாங்க. அதுதான் சீமை மரமாம். நாம என்னடான்னா..." சவரிராயன் சிரிக்காததைப் பார்த்து டீயை நிறுத்தாமல் ஆற்றிக்கொண்டே இருந்தான். அது ஆறிப் போயிற்று.

சவரிராயன் வீட்டுக்கு வந்து கித்தேரியிடம் சொன்னார். அவள் குழியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதான் பாத்தேன்" என்றாள். "வேற ஒரு மரத்தோட பேரைச் சொல்லி இதை வெட்டியிருக்கீங்க. தான் செத்தது இதுக்குத் தெரியாது. நிக்குது, பாருங்க, பாவம்."

அது நின்றது. மரம் இருந்தபோது எப்படியோ அப்படியே, காலையில் மேற்குச் சுவரில் ஏறியது, உச்சியில் சுருங்கியது, மாலையில் தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுத் தையல்நாயகி வாசல் கோலத்தின் மேல் படுத்தது. காற்றடித்தால் இலை நிழல்கள் சலசலத்தன. சத்தம் மட்டும் இல்லை. பின்பனியில் இலை நிழல்கள் உதிர்ந்து முற்றமெங்கும் கிடந்தன. தெருக்கூட்டுகிற பெண் முனகிக்கொண்டே அவற்றையும் கூட்டி ஓரத்தில் குவித்தாள். ஒரு நாள் காய் நிழல் ஒன்று அறுந்து விழுந்து பக்கிரிசாமியின் வண்டி டேங்க் நசுங்கியது. "செத்தும் சீமைக்காரன் கை சும்மா இல்ல" என்று அவன் தட்டி நிமிர்த்திக்கொண்டான்.

ஊர் அதிலே பழகிக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் ஸ்டாண்டை அங்கே மாற்றினார்கள். பள்ளிக்கூட வேன் அங்கே வந்து நின்றது. பானைத் தண்ணீர் அங்கே வைத்தால் ஐஸ் மாதிரி குளிர்ந்தது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேருகிறவரை பிணத்தைக் கண்ணாடிப் பெட்டி இல்லாமலே அங்கே கிடத்தினார்கள். ஆனால் போட்ட வடகம் காயவில்லை, அரிசி மாவில் பூஞ்சை பிடித்தது, மொட்டை மாடியில் சூரிய மின்தகடு வைத்த வீட்டுக்காரர் வந்து, "சார், மரம் இருந்தா வெட்டச் சொல்லலாம், இதை எந்த ஆபீசுல போய்ச் சொல்றது?" என்று கேட்டுவிட்டுத் தானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்படி வந்து உட்கார்ந்தவர்கள் பலர். காருக்காக ஊதாப்பூ மரத்தை எடுத்தவர் வந்தார், மாடிக்காகக் கறிப்பலாவை எடுத்தவர் வந்தார். அந்த நிழலில் சத்தம் போட்டுப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. பேச ஆரம்பித்தால் கடைசியில் அவரவர் வெட்டிய மரத்தில்தான் வந்து நின்றது.

"மாசி வந்தா எங்க வாசல் முழுக்க ஊதாவாக் கெடக்கும். வழுக்கும். அதுக்குத்தான் எடுத்தேன்" என்றார் ஒருவர். "சரியா அதோட பேரைச் சொல்லித்தான் வெட்டுனேன். நிழல்கூட மிச்சம் வைக்கல."

கறிப்பலாவை எடுத்தவர் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

நிழல் வளர்ந்தது. மரம் இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்குமோ அதைவிட வேகமாக, கிளை கழிக்க யாராலும் முடியாததால் தன் இஷ்டத்துக்கு, அது சவரிராயன் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது, அடுப்படிக்குள் வந்தது. கித்தேரி காலையில் எழுந்ததும் குழியருகே போய் உட்கார்ந்தாள். முதலில் காபி குடிக்க எழுந்து வந்தாள், பிறகு காபியை அங்கே வாங்கிக் குடித்தாள், பிறகு வேண்டாம் என்றாள். கை ஜில்லென்று இருந்தது. விரல் நகம் நீலம் பாரித்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "வெயில்ல உக்காரச் சொல்லுங்க, அதான் மருந்து" என்றார். கித்தேரி அதைக் கேட்டுச் சிரித்தாள். "வெயில்ல அது இல்லையே" என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் சவரிராயன் கூடத்துச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கித்தேரி எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, தையல்நாயகி கொடுத்த கிண்ணத்தை வாங்க நிழலை விட்டு வெளியே தெருவெயிலுக்கு நடந்தாள். அவளுடைய நிழல் எழுந்திருக்கவில்லை. அது குழியருகிலேயே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. வெயிலில் நின்ற கித்தேரியின் காலடியில் ஒன்றுமில்லை.

கிண்ணத்தை நீட்டிய தையல்நாயகியும் அதைப் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு சவரிராயனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இது நல்லதுக்கில்ல. நிழல் மொதல்ல போகும், அப்புறம் ஆளு போகும். அக்காவை அது இழுத்துக்கிட்டு இருக்கு."

"நான் என்னம்மா செய்யறது? வெட்டலாம்னா மரமும் இல்ல."

"துக்கம் சொல்லுங்க. செத்தா சொல்ல வேணாமா? எங்க மாமனார் செத்தப்ப தொழுவத்துல போய் மாட்டுக்குச் சொன்னோம், தென்னைக்குச் சொன்னோம். சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்? வாசல்ல நின்னு, பேரைச் சொல்லி, இன்னார் தவறிட்டாங்கன்னு மூணு தரம் சொல்லணும். உள்ள போகக் கூடாது, உக்காரக் கூடாது, தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது. சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும்."

"பேரைச் சொல்லி" என்றார் சவரிராயன்.

"ஆமா, பேர் சொல்லாம எப்படி?"

"பேர்தானே இல்ல. போன தடவை பேர் மாறிப் போனதுக்கே இந்தக் கதி."

தையல்நாயகி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

பேர் தானாகவே வாசலுக்கு வந்தது. வீட்டுத் தோட்டங்களில் இருக்கிற பழைய அயல்நாட்டு மரங்களைப் பாரம்பரிய மரங்களாக அறிவித்துப் பாதுகாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த வேலைக்காக ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற மெஹருன்னிசா டீச்சர் குடையும் கண்ணாடியுமாக ஒரு முற்பகலில் கார்டுத் தோட்டத்துக்கு வந்தார். ஊதாப்பூ வீட்டில் கார் நின்றது. கறிப்பலா வீட்டில் மாடி நின்றது. அவர் சோர்ந்துபோய்ச் சவரிராயன் வீட்டு நிழலில் ஒதுங்கி, குடையை மடக்கி, பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, இந்த மரம்..."

"வெட்டியாச்சும்மா."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து இலை நிழலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஒரு காம்பில் எத்தனை இலை, எப்படி எதிரெதிராக என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார், காய் நிழல் ஆடி ஆடி வந்தபோது சட்டென்று விலகி நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கிகேலியா" என்றார். "இவ்வளவு பெரிசா நான் பாத்ததே இல்லைங்கய்யா. எத்தனை வயசு இருந்திருக்கும்! ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா போர்டு வச்சிருப்போம், ஒரு கிளைய யாரும் தொட்டிருக்க முடியாது."

"என்ன பேர் சொன்னீங்க?"

"கிகேலியா. அதோட சொந்த ஊர்ல, மொசாம்பிக் பக்கத்துல, அந்த ஜனங்க கூப்பிட்ட பேர்லேர்ந்து வந்தது. அங்கயும் இது வௌவாலுக்குத்தான் பூக்குது."

சவரிராயன் அந்தப் பேரை வாயில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்தார். கிகேலி. கிலேகி. நாக்கு இடறியது. இடறின போதெல்லாம் நாற்பது வருஷப் பழக்கத்தில் அது ஒரே பேரில்தான் போய் விழுந்தது: கித்தேரி. அவர் பாதித் தெருவில் நின்றுவிட்டார். நிழலுக்கு முன்னால் நின்று, துக்கம் சொல்லும் வாயால், மூன்றில் ஒரு தரம் நாக்கு இடறி அந்தப் பேர் வந்துவிட்டால்? ஏற்கனவே ஒரு தரம் பேர் மாறிச் சாவு போன வீடு அது.

கித்தேரியிடம் சொல்லாமல் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் செய்து பட்டது போதும். வெயில் இறங்குகிற நேரத்தில் நிழலின் ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"பேர் கெடைச்சிடுச்சு. துக்கம் சொல்லிடலாம்னு இருக்கேன்."

கித்தேரி தலை நிமிரவில்லை. "வேணாங்க. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு என்ன, நல்லாத்தானே நிக்குது? இது போயிட்டா அதுக்கு மேல என்ன இருக்கு, வெயில்தானே கொட்டும்?"

சவரிராயன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, அவர்கள் இருவரும் அதுவரை வாய் திறந்து பேசியிராத ஒன்றை, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டு பேசினார்.

"அன்னைக்கு என்னை மாத்திவிட வேண்டிய ரிலீவர் வரல. உனக்கு வலி எடுத்துடுச்சுன்னு பக்கத்துப் பையன் வந்து சொல்லிட்டுப் போனான். கேட்டை விட்டுட்டு வரக் கூடாதுன்னு உத்தரவு, நான் வரல. ராத்திரி பூரா ஒவ்வொரு வண்டிக்கும் பச்சை விளக்கு காட்டுனேன் கித்தேரி. டிரைவர்கிட்டெல்லாம் கத்திச் சொன்னேன், எனக்குப் புள்ள பொறக்கப் போவுதுன்னு. அவங்க ஆரன் அடிச்சுட்டுப் போனாங்க. விடியக்காலையில உங்கப்பா வந்து சொல்ற வரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். அது எப்பவோ போயிடுச்சு, நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். தெரியாம நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இதைப் பாக்கறப்பெல்லாம் அந்த கேட்டுல நான்தான் நிக்கிற மாதிரி இருக்கு."

இலை நிழல்கள் அவள் முதுகில் ஏறி இறங்கின.

"என்ன பேராம்?" என்றாள்.

"கிகேலியா."

"என் பேர் மாதிரியே ஆரம்பிக்குது." அவள் உதட்டோரம் கொஞ்சம் இழுத்தது. "பாத்துச் சொல்லுங்க. உங்க நாக்கு எனக்குத் தெரியும்."

மறுநாள் உச்சிக்கு முன்னால் சவரிராயன் குளித்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டு வாசற்படலுக்கு வெளியே வேற்றாள் மாதிரி வந்து நின்றார். தெருவே கூடியிருந்தது. பக்கிரிசாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தான். ஆட்டோக்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். தையல்நாயகி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே, நிழலின் நடுவே, கித்தேரி குழியருகே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தால் நாக்கு இடறிவிடும் என்று அவர் அவளைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, கேட் போனில் வண்டிப் பேர் சொல்கிறவர் மாதிரி எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

"கி-கே-லி-யா தவறிட்டாங்க."

இலை நிழல்கள் அசைவதை நிறுத்தின.

"கிகேலியா தவறிட்டாங்க."

காய் நிழல்கள், ஆடிக்கொண்டிருந்த வாக்கிலேயே, அந்தந்த இடத்தில் நின்றன. கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மூன்றாம் தரம் வாயைத் திறந்தபோது அவருக்கு முன்னால் வரிசையாக வந்ததெல்லாம் கித்தேரிதான். மணப்பந்தலில் கித்தேரி, மடியில் துணிச் சுருளை வைத்துக்கொண்டு அழாமல் இருந்த கித்தேரி, பாதம் வெடித்துப் பொரியோடு வந்த கித்தேரி. "கி" என்றார். நின்றார். தெரு மூச்சைப் பிடித்தது. தையல்நாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். தூரத்தில் ரயில் ஒன்று ஊதியது, அது வந்து விட்டால் பேர் மறுபடி அதில் அடிபட்டுப் போகும் என்று சவரிராயனுக்குத் தோன்றியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கிகேலியா. எம்மா, நீ தவறிட்டம்மா. நான்தான் வெட்டுனேன். உன் பேர் தெரியாம வெட்டிட்டேன்."

ரயில் வந்து போயிற்று. அது போய் முடிந்தபோது உச்சிக்கிளை நிழல்கள் மேலிருந்து மடிந்து இறங்கத் தொடங்கியிருந்தன. யாரோ விரித்த பாயைச் சுருட்டுகிற மாதிரி தெருவிலிருந்து விலகி, தையல்நாயகி வாசலிலிருந்து விலகி, அடுப்படியிலிருந்தும் கூடத்திலிருந்தும் வெளியே வந்து, சுவரிலிருந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து, அடிமரம் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்து, மண்ணுக்குள் இறங்கிப் போயிற்று. அத்தனை நாள் தங்கியிருந்த குளிர்ச்சியைக் கிழித்துக்கொண்டு வெயில் முற்றத்தில் கொட்டியது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயிலைக் கார்டுத் தோட்டம் பார்த்ததில்லை. ஒதுங்க ஓர் இடம் இல்லை; ஊர் முழுக்க ஒரு பெரிய மரம் இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உச்சந்தலையில் உறைத்தது. ஒவ்வொருவராகக் கையால் தலையை மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

துக்கம் சொன்னவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. சவரிராயன் டீக்கடை வரைக்கும் போய், மூடின கடை முன்னால் நின்றுவிட்டு, வேறு போக்கிடம் இல்லாததால் தன் வீட்டுக்கே வந்தார்.

கித்தேரி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. அவளுடைய நிழல் அவளோடு வந்து ஒட்டிக்கொண்டு காலடியில் கிடந்தது. அவள் குழியைக் காட்டினாள். அங்கே, ஒரு முழத்துக்கு, முறத்தில் போட்டுத் தாலாட்டுகிற அளவுக்கு, ஒரு துண்டு நிழல் மிச்சமிருந்தது. மேலே கிளையும் இல்லை, இலையும் இல்லை. அது அசையவில்லை. பொழுது சாய்ந்தபோதும் அது நகரவில்லை.

"இதுக்கும் சொல்லணும்போல" என்றார் சவரிராயன் மெதுவாக. "பேர் வச்சுட்டா..."

"வைக்காதீங்க" என்றாள் கித்தேரி.

அவர் வைக்கவில்லை. அவள் மறுநாளிலிருந்து நாற்காலியை வெயிலில் போட்டு உட்கார்ந்தாள், விரல் நகங்களில் நிறம் திரும்பிற்று, காபி குடித்தாள். வலது பாதத்தை மட்டும் செருப்பிலிருந்து உருவி அந்த நிழலுக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பாதம் கடைசிவரை ஜில்லென்றுதான் இருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலையில் இரண்டு ஆட்கள் பச்சை வர்ணம் அடித்த இரும்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாரம்பரிய மரம் என்று எழுதி, கீழே பேரும் சரியாக, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது. மெஹருன்னிசா டீச்சர் எப்பவோ சொல்லி வைத்ததாம், இப்போதுதான் வந்ததாம். ஆட்கள் முற்றத்தைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள்.

"மரம் எங்கய்யா?"

"தவறிட்டாங்க" என்றார் சவரிராயன்.

"அப்ப போர்டை என்ன செய்யறது? நட்டுட்டு வரச் சொல்லி உத்தரவு."

உத்தரவு என்ற சொல்லைக் கேட்டுச் சவரிராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அடிமரம் இருந்த இடத்தைக் காட்டினார். அவர்கள் கடப்பாரையைப் போட்டுக் குழி தோண்டிப் பலகையை நட்டார்கள். பலகைக்கும் ஒரு நிழல் விழுந்தது, சதுரமாக, வெயிலோடு நகர்கிற நிழல். ஆட்களில் இளையவன் கடப்பாரையைச் சாய்த்து வைக்க இடம் தேடிக்கொண்டு வந்து, கித்தேரியின் பாதத்தருகே நின்றான்.

"இது எதோட நிழல்ம்மா? மேல ஒண்ணையும் காணோமே" என்று சத்தமாகக் கேட்டான்.

கித்தேரி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசு தம்பி" என்றாள். "இப்பத்தான் தூங்குச்சு."